அடுத்த வருடத்துக்கு ஓர் ஒற்றை அறை

கப்பல் பயணம் எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும், வெயில் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் எங்கள் ஹல் நகரத்தில் அதற்கு மேல் யாரும் துருவமாட்டார்கள். வெயில் நன்றாக இருந்தால் எல்லாமே நன்றாக இருந்ததாகத்தான் இங்கே கணக்கு. என் மூக்கு உரிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார்கள், கொடுத்துவைத்தவள் என்பார்கள், மழைக்குக் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரிடமும் சொல்லாததை எழுதியாவது வைப்போம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. வாய்த்துடுக்கு என் கூடப் பிறந்தது.

நாங்கள் நாலு பேர். நான் ரோனா, என் கணவன் கிளைவ், அவனுடைய சிநேகிதன் ட்ரெவர், ட்ரெவரின் மனைவி டெனீஸ். ஆண்கள் இரண்டு பேரும் பஸ் ஓட்டினவர்கள். ஒரே தடம், ஒரே வண்டி. காலையில் கிளைவ் ஓட்டுவான், மத்தியானம் ட்ரெவர் ஏறிக்கொள்வான். "சீட்ட சூடா வச்சிருக்கேன்டா, ஏறு" என்று சொல்லிவிட்டு இவன் இறங்குவான். இதைச் சொல்லிச் சொல்லியே வேலைக்காலம் முழுவதும் ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு வருடத்துக்கு ஒருமுறை நாலு பேரும் கப்பல் ஏற ஆரம்பித்தோம். எப்போதும் மத்தியதரைக் கடல்தான். ஒரு மாறுதலுக்கு நார்வே பக்கம் போகலாமே என்று நான் சொன்னால், "குளிர்ல நடுங்கணும்னா நம்ம வீட்டுக் கொல்லையிலயே நடுங்கலாமே" என்பாள் டெனீஸ்.

கப்பல் பித்துப் பிடித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்தப் பயணம் முடிவதற்குள் அடுத்த வருடப் பயணத்தைக் கப்பலிலேயே பதிந்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு மேஜை போட்டு ஆள் உட்கார வைத்திருப்பார்கள். கரை எதுவும் தொடாத கடைசி நாளில் அதன் முன்னால் வரிசை நீளும். வீட்டுக்குத் திரும்புகிற துக்கத்துக்கு அதுதான் மருந்து. நாங்களும் சேர்ந்து போய் நிற்போம், பக்கத்துப் பக்கத்து அறைகளாகக் கேட்டு வாங்குவோம், நேராக ஜின் குடிக்கப் போவோம். அடுத்த மே மாதம் கப்பலில் அறை வைத்திருப்பவர்கள் பிப்ரவரியில் சாகமாட்டார்கள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. இதுவரை அது பொய்த்ததில்லை.

போன வருடம் பயணம் முடிந்து வந்த பிறகுதான் கிளைவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். அதற்கு ஒரு பெரிய பெயரும் சொன்னார், அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இந்த வருடம் போக வேண்டுமா என்று என் மகள் கேட்டாள். போயே தீருவோம் என்றேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கடைசி நாளில் நாலு பேரும் அந்த வரிசையில் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் நாங்கள் இன்னும் நாலு பேர்தான். டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

முதல் இரண்டு நாள் ட்ரெவர் தங்கமாக இருந்தான். கிளைவின் தட்டில் இறைச்சியை வெட்டிக் கொடுத்தான். படியில் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னடா, பஸ்ஸவிட இது கொஞ்சம் நீளம், இல்ல?" என்று பேச்சுக் கொடுத்தான். கிளைவும் சிரித்தான். என் பெயர் அவனுக்கு அவ்வப்போது நழுவும். ட்ரெவரின் பெயர் ஒருநாளும் நழுவியதில்லை. எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

வினாடி வினாவில்தான் முதல் விரிசல் விட்டது. கடலிலேயே இருக்கும் நாட்களில் மத்தியானம் மதுக்கூடத்தில் நடக்கும். வெற்றி பெற்றால் ஒரு பேனா தருவார்கள். கடையில் யாரும் சீண்டாத பேனா அது. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போடும் பேராசிரியர்களை எனக்குத் தெரியும். எங்கள் கூட்டணியின் மூளை எப்போதும் கிளைவ்தான். பயணிகள் சீட்டில் விட்டுப்போன செய்தித்தாள்களைப் படித்துப் படித்தே உலகத்தைத் தெரிந்து வைத்திருந்தவன். இந்த முறை என்ன ஆனதென்றால், பதில் தெரிந்தது. மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் மறந்துவிட்டது.

"மால்டாவின் தலைநகரம் எது?" என்று மேடையில் நின்ற பையன் கேட்டான்.

"வல்லெட்டா," என்று கிளைவ் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். சுற்றியிருந்த மேஜைகளில் எல்லோரும் குனிந்து எழுதினார்கள். யாரோ கைதட்டினார்கள்.

"டேய், காதுல சொல்லுடா," என்றான் ட்ரெவர்.

"சரிதானடா சொன்னேன்?"

"சரிதான். அதான் பிரச்சனை."

நான் சிரித்துவிட்டேன். கிளைவும் சிரித்தான். அடுத்த கேள்விக்கும் கத்தினான், அதற்கடுத்த கேள்விக்கும் கத்தினான். மூன்றாவது முறை பக்கத்து மேஜை ஆள் திரும்பி, "ரொம்ப நன்றி சார், இன்னைக்கு நாங்கதான் ஜெயிக்கப் போறோம்" என்றபோது ட்ரெவர் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். டெனீஸ் அவன் பின்னாலேயே போனாள். கிளைவ் என்னைப் பார்த்து, "அவனுக்கு என்ன கோபம்?" என்றான். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ட்ரெவரின் வயிறு அடிக்கடி சரியில்லாமல் போனது. நேப்பிள்ஸில் இறங்கவில்லை என்றார்கள், பிறகு நாங்கள் கரையிலிருந்து திரும்பும்போது அவர்கள் ஐஸ்கிரீமோடு எதிரே வந்தார்கள். எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு வரும் விருந்தன்று கிளைவ் மேலே கறுப்புக் கோட்டுப் போட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டி, கீழே பைஜாமாவோடு வந்து உட்கார்ந்தான். நான் குளித்துக்கொண்டிருந்தபோது தானே உடுத்திக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். டெனீஸ் அவன் மடியில் துண்டை விரித்துவிட்டாள். பார்த்தால் அன்பாகத்தான் இருந்தது. விரித்தவள் அக்கம்பக்கத்து மேஜைகளை நோட்டம் விட்டதையும் நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவர்களுக்கு மேல்தளத்துச் சாப்பாடு பிடித்துப்போய்விட்டது.

புரியாமல் இல்லை எனக்கு. புரிந்துகொள்ள விருப்பமில்லை, அவ்வளவுதான். கடைசி நாள் வரட்டும், வரிசையில் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

கடைசி நாளும் வந்தது. காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் மேஜைக்கு வந்த டெனீஸ், "இப்ப கூட்டமா இருக்கும்டி, சாயங்காலம் போய்ப் பதிஞ்சுக்கலாம்" என்றாள். ட்ரெவர் அதிசயமாக, "கிளைவ என்கூட விடு. தளத்துல உக்காந்து கடலப் பாத்துக்கிட்டிருக்கோம். நீ போய் துணியத் துவை" என்றான். எனக்கு மனம் நிறைந்துபோனது. பார்த்தாயா, பழைய ட்ரெவர் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அழுக்குத் துணியோடு வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மானப் பிரச்சனை. கடைசி நாள் கப்பலின் சலவை அறையில் கால் வைக்க இடம் இருக்காது.

துணி மூட்டையோடு போகிற வழியில் பார்த்தால், அந்தப் பதிவு மேஜை முன்னால் வரிசையே இல்லை. ஒரு போர்ச்சுகல்காரப் பெண் தனியாக உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது வந்தால் நாலு பேருக்கும் சேர்த்துப் பதியலாம் என்று கேட்டு வைப்போமே என்று நின்றேன். அறை எண்ணைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"ரோனா மேடமா? நீங்க மெனக்கெடவே வேணாம். உங்க சிநேகிதி நேத்தே வந்து சொல்லி வச்சுட்டாங்க. அவங்க ரூமுக்குப் பக்கத்துலயே உங்களுக்கு ஒரு ஒத்த ரூம். ஜன்னலோட. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம்மா," என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். கழுத்துவரை சிவந்துபோனாள். "நான் எதுவும் தப்பா சொல்லிட்டேனா மேடம்?" என்றாள்.

"இல்லம்மா. நீ மட்டும்தான் சரியா சொல்லியிருக்க."

சலவை அறையில் டெனீஸ் ட்ரெவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே இன்னும் இரண்டு பெண்கள், உலர்த்தும் மெஷின் யாருடையது என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். மூட்டையைத் தரையில் போட்டேன்.

"யாருக்குடி அந்த ஒத்த ரூம்?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. "அந்தப் பொண்ணு சொல்லிட்டாளா?"

"நீ சொல்லியிருக்கணும்."

"சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். ஒரு ஜின் உள்ள போனப்புறம்."

"எனக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"கிளைவ எங்க படுக்க வைக்கப் போற? உயிர்காக்கும் படகுலயா?"

வழக்காடிய பெண்கள் இரண்டு பேரும் மெஷினை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். டெனீஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டே வாரம் ரோனா. நல்ல இடமா பாத்து விட்டுட்டு வா. அதுக்குன்னே இப்ப இல்லம்லாம் இருக்கு. அவனுக்குத் தெரியவா போகுது?"

"தெரியாதுன்னு உன்கிட்ட வந்து சொன்னானா?"

"கத்தாத."

"இன்னும் கத்தவே ஆரம்பிக்கலடி நான்."

அவள் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ட்ரெவர் தினம் படுக்கப் போறப்ப அழறான். உனக்குத் தெரியுமா? எதிர்ல உக்காந்திருக்கறது கிளைவ் இல்ல, கிளைவோட சட்டையப் போட்டுக்கிட்டு வேற யாரோங்கறான். அவனோட கூட்டாளி போய்ட்டான், ஆனா துக்கம் கொண்டாட விடமாட்டேங்கறீங்க, அவன்கூடவே சாப்பிடச் சொல்றீங்கங்கறான். என்னால என்ன பண்ண முடியும்? உன்னையும் சேத்து விட்டுட முடியலடி. அதுக்குத்தான் அந்த ரூம். நீ எப்படி இளைச்சுப் போயிருக்கன்னு கண்ணாடில பாத்தியா? ராத்திரி முழுக்க ஒரு கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே தூங்கற. உனக்கும் ஒரு மூச்சு விடற இடம் வேணாமா?"

அவளைக் கிழித்துத் தோரணம் கட்டுவதற்கு என்னிடம் வார்த்தை நிறைய இருந்தது. ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. ஆசை வந்தது. ஜன்னல் வைத்த அந்த அறையில் நான் மட்டும் படுத்திருந்தேன். கதவைத் தாழ் போட்டுவிட்டு, யார் எங்கே போய்விட்டார்கள் என்று காதைத் தீட்டிக்கொள்ளாமல், விடியும்வரை தூங்கினேன். கண் இமைக்கிற நேரம்தான். ஆனால் அது என் நெஞ்சுக்குள்தான் நடந்தது, வேறு யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அதை எனக்குக் காட்டிக் கொடுத்ததற்காகவே டெனீஸை வெறுத்தேன். இன்றுவரை அந்த அறைக்கு நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவள் என்னை விடவில்லை, யோசித்துச் சொல் என்றுதான் ஒவ்வொரு வாரமும் செய்தி அனுப்புகிறாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ட்ரெவர் கதவில் வந்து நின்றான். இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பை. முகத்தில் ரத்தமே இல்லை.

"கிளைவ் இங்க வந்தானா?"

"உன்கூடத்தானடா விட்டேன்?"

"டீ எடுக்கத்தான் போனேன் ரோனா. அங்கயேதான் இருடான்னு சொல்லிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பாத்தா நாற்காலி காலி."

கப்பலில் ஒருவன் காணாமல் போனால் நெஞ்சு முதலில் எங்கே போகும் என்று கடலில் போனவர்களுக்குத் தெரியும். தளத்தின் ஓரக் கைப்பிடிக் கம்பிக்குத்தான் போகும். நான் தளத்துக்கு ஓடினேன். அவன் நாற்காலியில் தொப்பி இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நீலமாக, ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குத்தான் போயிருப்பான் என்று பிறகு ஓடினேன். அறையில் இல்லை. ட்ரெவர் ஊழியர்களிடம் சொல்ல ஓடினான். டெனீஸ் எதிர்ப்பக்கம் கிளைவ், கிளைவ் என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

எங்கள் அறைக் கதவைப் பார்த்ததும்தான் எனக்கு மூளை வேலை செய்தது. நீளமான நடைபாதையில் எல்லாக் கதவும் ஒரே வெள்ளை. அடையாளத்துக்காக எல்லோரும் கதவில் காந்தப் பொம்மை ஒட்டிவைப்பார்கள், கதவு இரும்பு என்பதால் ஒட்டும். சொரெண்டோவில் இறங்கியபோது நான் ஒரு மஞ்சள் எலுமிச்சம்பழம் வாங்கி ஒட்டியிருந்தேன். "எலுமிச்சம்பழம் இருந்தா நம்ம வீடு" என்று கிளைவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தத் துறைமுகத்தில் இறங்குகிற எல்லோரும் வாங்குவது அந்த எலுமிச்சம்பழம்தான்.

ஒரு தளம் கீழே இறங்கினேன். அதே நடைபாதை, அதே கம்பளம். பாதி தூரத்தில் ஒரு கதவில் எங்கள் எலுமிச்சம்பழம். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது, இடுக்கில் ஒரு செருப்பைச் சொருகி வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து வயதான ஒரு ஸ்காட்லாந்துக்காரி வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

"உன் வீட்டுக்காரராம்மா? கதவு தொறக்கலன்னு கார்டைத் தேச்சுக்கிட்டே நின்னாரு. உள்ள கூப்ட்டு டீ போட்டுக் குடுத்தேன். பொண்டாட்டி வருவா, அதுவரைக்கும் இருக்கேன்னாரு. நீ உக்காரு, நான் போய் கெடச்சுட்டாருன்னு சொல்லிட்டு வர்றேன்."

நான் உள்ளே போனேன். கிளைவ் யாரோ ஒருத்தியின் கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மரியாதையாகப் பாதி எழுந்தான்.

"வாங்க மேடம், உக்காருங்க. இது என் ரூம்தான். யாரோ சாமானையெல்லாம் மாத்தி வச்சுட்டாங்க. என் பொண்டாட்டி வந்தா சரி பண்ணிடுவா."

என் பெயரை அவன் மறந்ததுண்டு. என்னை மறந்ததில்லை. இப்படி ஒருநாள் வரும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். வீட்டில் நடக்கும், சமையலறையில் நடக்கும் என்று ஏதேதோ நினைத்து வைத்திருந்தேன். அவன் முகத்தில் பயமில்லை, வெறுப்பில்லை, பஸ்ஸில் ஏறுகிற பெண்ணைப் பார்க்கிற சாதாரண மரியாதை மட்டும் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்தான் ரோனா என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனோ வாயில் வேறு வந்தது.

"எங்க போயிருக்காங்க உங்க வீட்ல?"

"அடுத்த வருஷக் கப்பலுக்குப் பதியப் போயிருக்கா. அவளுக்குக் கப்பல்னா உசிரு."

"உங்களுக்கு?"

அவன் கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு என் பக்கமாகச் சாய்ந்தான்.

"உங்ககிட்ட சொல்றேன். அவகிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு இங்க பயமா இருக்குங்க. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கு. பாத்ரூம் போனாக்கூட திரும்பி வருவமான்னு இருக்கு. ட்ரெவர்னு எனக்கு ஒரு கூட்டாளி, அவன் வேற பேசமாட்டேங்கறான். நான் அவனுக்கு ஏதோ பண்ணிட்டேன் போல. என்ன பண்ணேன்னுதான் தெரியல."

"நீங்க ஒண்ணும் பண்ணல," என்றேன். "பயமா இருந்தா வீட்லயே இருந்திருக்கலாமே. ஏன் வந்தீங்க?"

"நான் வரலன்னா அவளும் வரமாட்டா. அவளத் தெரியாது உங்களுக்கு, பிடிவாதக்காரி. எங்க நாலு பேருக்கும் ஒண்ணும் ஆகல, எல்லாம் எப்பவும் போலதான்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

வெளியே நடைபாதையில் டெனீஸும் ட்ரெவரும் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டு வருவது கேட்டது. நான் பதில் கொடுக்கவில்லை. அவர்கள் இந்தக் கதவைத் தாண்டிப் போனார்கள். கிளைவ் கோப்பையை என் பக்கம் நகர்த்தி, குடிங்க என்றான். நான் அழுவதை அவன் கவனித்துவிட்டான். யாராவது அழுதால் அவனுக்குத் தாங்காது, எப்போதுமே அப்படித்தான்.

"நீங்க யார்கூட வந்திருக்கீங்க மேடம்?"

"தனியாத்தாங்க," என்றேன்.

"அடடா," என்றான். கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தான். "என் பொண்டாட்டி வரட்டும். உங்களையும் எங்க மேஜைக்குக் கூட்டிட்டு வரச் சொல்றேன். வாயிதான் கொஞ்சம் நீளம், மத்தபடி நல்லவ. ஒருத்தங்க தனியா உக்காந்து சாப்பிடறத அவளால பாத்துக்கிட்டிருக்க முடியாது."

சரி என்று சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அவளுக்காகக் காத்திருந்தேன்.